கூப்பிட்டால் ஓடாதே

வேணு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கிறவர் கரீம் மாமா. முதலில் அவரை உட்காரவைத்து ஒரு காபி வாங்கிக் கொடு. ராத்திரி பூராவும் முழித்துக்கொண்டே வந்திருப்பார். அவருக்கு ரயிலில் தூக்கம் வராது. ஏன் வராது என்பதும் இதில்தான் இருக்கிறது. காபி குடித்ததும் ஷெட்டிலிருந்து நீ எடுத்துப் போன கிரிக்கெட் ஆட்டத்துத் தேங்காய்நார் மேட்டிங் எங்கே கிடக்கிறது என்று அவருக்குக் காட்டு. விரித்திருந்தால் சுருட்டிக் கொடு. விரிக்கவில்லை என்றால் விரிக்காதே. உன் கேப்டன் கேட்டால், எங்கள் நைனா ஒரு பைத்தியம், அவருடைய சாமான் அவருக்கு வேண்டுமாம் என்று சொல்லிவிடு. எனக்கு அதில் ஒரு மானக்கேடும் இல்லை. இவ்வளவையும் செய்துவிட்டு மிச்சத்தைப் படி. காரணம் சொல்லாமல் உத்தரவு போடுகிறவன் இல்லை நான். ஆனால் இந்தக் காரணம் கொஞ்சம் நீளம், அதற்குள் நீ பாயை விரித்துவிடக் கூடாது.

இன்று மத்தியானம்தான் செங்கல்பட்டு கேம்ப் முடிந்து மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினேன். நீ காலையிலேயே சென்ட்ரலில் வண்டி ஏறிவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டே கை கால் கழுவக் கொல்லைப்பக்கம் போனால், ஷெட் கதவு திறந்து கிடந்தது. உத்தரத்தில் கயிறு மட்டும் தொங்கியது. கீழே தரை ஈரம். பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை, கிணறு இந்தப் பக்கமே இல்லை, ஆனால் சிமெண்டுத் தரையில் ஒரு பாயை விரித்த மாதிரி நீளவாக்கில் ஈரம், ஓரம் கோடு கிழித்தாற்போல் நேராக. "இங்கே தொங்கினது எங்கே?" என்று கேட்டேன். "வேணு எடுத்துக்கிட்டுப் போனான். டீம் மேட்டிங் கிழிஞ்சு போச்சாம், பெங்களூர்ல பிராக்டீஸுக்கு வேணுமாம். வருஷக்கணக்கா சும்மாத்தானே தொங்குது, எடுத்துக்கோடான்னு நான்தான் சொன்னேன்" என்றாள். "இங்கே விரிச்சானா?" "நீங்க கேம்ப் போன மறுநாளே விரிச்சாச்சு. தெருக்கோடி காலி மனைல தினம் ஆட்டம்தான். அந்தச் சந்தானமும் இவனும் ஒரே சண்டை. நீ கூப்பிட்டே, நான் கூப்பிடவே இல்லேன்னு. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சுப் போச்சு" என்றாள். நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

'நான் கூப்பிடவே இல்லை.' வேணு, இதே வார்த்தையை நான் உன் வயசில் கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். அப்போது நீ மயிலாப்பூர் வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்தாய். எனக்கு இருபது வயசுகூட முழுசாக ஆகவில்லை. உன் தாத்தா அவசரப்பட்டுக் கல்யாணம் செய்துவைத்ததில் கிடைத்த லாபம் இது. இன்றைக்கும் நம்மைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் அண்ணன் தம்பியா என்று கேட்கிறார்கள். அதனால் ஒரு கிழவன் பழங்கதை அளக்கிறான் என்று நினைக்காதே. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, புத்தி தெளிவாக இருக்கிறது, லெவல் கருவியில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் இருக்கிறது. என்னால் விளக்க முடியாத ஒன்றை எழுதவேண்டியிருப்பதில் எனக்கே எரிச்சல்தான். பேய் பிசாசு என்று நான் எழுதப் போவதில்லை. பார்த்ததை எழுதுகிறேன், கேட்டதை எழுதுகிறேன். பெயர் நீ வைத்துக்கொள்.

கரீம் மாமா பிறவி ஊமை என்றுதான் நீ இத்தனை நாளாக நினைத்திருக்கிறாய். சின்ன வயசில் "மாமா ஏன் பேசமாட்டேங்கறார்?" என்று கேட்டாய், அவர் சிரித்துக்கொண்டே உன் சிலேட்டில் ஒரு பூனை வரைந்து கொடுத்தார், நீ மறந்துவிட்டாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் யுனிவர்சிட்டி டீமிலேயே பெரிய வாய் அவருடையதுதான். கச்சேரி ரோட்டில் அவர் சிரித்தால் குளக்கரை வரைக்கும் கேட்கும். என்னை "இஞ்சினீர் தொரை" என்றுதான் கூப்பிடுவார். அவரும் நானும் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு, டீமில் முதலில் மட்டை பிடிக்கிற ஜோடி. எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. மற்ற ஜோடிகள் பந்தைப் பார்த்து, பார்ட்னர் முகத்தைப் பார்த்து, யோசித்து, அப்புறம் ஓடுவார்கள். நாங்கள் பார்க்கவே மாட்டோம். காதுதான். அவன் "வா" என்றால் நான் ஓடுவேன், நான் "வா" என்றால் அவன் ஓடுவான். தலையைத் தூக்கிப் பார்ப்பதே நம்பிக்கைத் துரோகம் என்று பேசி வைத்திருந்தோம். அதில் எங்களுக்கு அத்தனை கர்வம். மற்றவர்கள் ஒரு ரன் எடுக்கிற இடத்தில் நாங்கள் இரண்டு எடுத்தோம். நீயும் சந்தானமும் அப்படித்தான் ஓடுகிறீர்கள் என்று போன மாதம் நான் பார்த்தேன். பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம்தான் மாம்பலம் ஏரியை வடித்தார்கள். இப்போது நம் வீடு நிற்கிற இந்த இடமெல்லாம் அப்போது ஏரி. வரப்போகிற நகருக்காகத் தண்ணீரைத் திறந்துவிட்டு, அடிமண் காய்ந்து, பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பெங்களூர் டூர்னமெண்டுக்கு முன்னால் பிராக்டீஸ் செய்ய எங்களுக்கு மைதானம் கிடைக்கவில்லை. எல்லா இடத்திலும் பெரிய மனிதர்களின் ஆட்டம். ஏரிப்படுகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதைவிடச் சமமான இடம் மெட்ராஸிலேயே கிடையாது, லெவல் போட்டுப் பார்த்துவிட்டேன்" என்று சொன்னது நான்தான். கேப்டன் சாமுவேல் ஒரு ஜட்காவில் மேட்டிங்கை ஏற்றிக்கொண்டு வந்தார். ஏரியின் நடுவில், ஆழம் அதிகமாக இருந்த இடத்தில், வெடிப்பில்லாமல் வழவழவென்று ஒரு துண்டு நிலம். அங்கே விரித்து ஆணி அடித்தோம். ஆணி இறங்கின விதமே எனக்குப் பிடிக்கவில்லை. மேலே ஓடு மாதிரி காய்ந்த மண், அதற்குக் கீழே ஆணி தானாகவே இறங்கியது, யாரோ கீழே இருந்து வாங்கிக்கொள்கிற மாதிரி. ஈரக் களிமண் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் நாளே நான் அவுட். பந்தைத் தட்டினேன், "வா" என்று கேட்டது, ஓடினேன். பாதி தூரத்தில் பார்த்தால் கரீம் தன் கிரீஸிலேயே மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கிறான். ஸ்டம்பு பறந்தது. "ஏன்டா கூப்பிட்டே?" என்றேன். "நான் எப்பப்பா கூப்ட்டேன்? வெயில்ல மண்டை சூடாயிப் போச்சா தொரை?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நாள் அவன் அவுட். நான் கூப்பிட்டேன் என்றான். நான் வாயே திறக்கவில்லை. "அல்லா சத்தியமா உன் குரல்பா. நீ மூக்கால இழுப்பியே, அந்த இழுவைகூட இருந்துச்சு" என்றான். சுற்றி நின்று பந்து பொறுக்கினவர்கள் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மேட்டிங்கின் இரண்டு முனையிலும் நிற்கிற எங்கள் இருவருக்கு மட்டும் கேட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்காத குரலைக் கேட்டேன் என்று சொல்ல நான் என்ன பச்சைக் குழந்தையா? சோதனை செய்துவிடுவது என்று முடிவு செய்தேன். நல்ல வெயில், உச்சிப்பொழுது, காற்றுகூட இல்லை. கரீமின் வாயில் அவன் கைக்குட்டையைத் திணித்து, மேலே என் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டினேன். முடிச்சைப் போட்டதும் இழுத்துப் பார்த்ததும் நான்தான். "இப்போ கூப்பிடு பார்க்கலாம்" என்றேன். அவன் கண்ணாலேயே என்னைத் திட்டிவிட்டு எதிர்முனைக்குப் போனான். சாமுவேல் மெதுவாக ஒரு பந்து போட்டார். நான் வலதுபக்கம் தட்டினேன். "வா!" அவன் குரல். கடைசியில் லேசாகச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுவும் சேர்த்து. கால் தானாகக் கிளம்பிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கட்டின கைக்குட்டை கட்டினபடி இருக்கிறது. அதற்கு மேலே அவன் கண் இரண்டும் பெரிதாகத் திறந்திருக்கிறது. அவனும் ஓடிவந்துகொண்டிருந்தான். ஏன் என்று பிற்பாடு அவிழ்த்துவிட்டதும் சொன்னான். நான் "வா" என்று கூப்பிட்டேனாம். இருவரும் நடுவில் சந்தித்து நின்றுவிட்டோம். அந்தச் சத்தம் முன்னாலிருந்தும் வரவில்லை, பின்னாலிருந்தும் வரவில்லை. காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

அன்றே சுருட்டிவிட்டோம். நான் என்ன செய்தேன் தெரியுமா? விளக்கம் சொன்னேன். அடிமண் பொள்ளலாக இருக்கிறது, பானைக்குள் பேசின மாதிரி சத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது, முன்பு சொன்னது பிந்திக் கேட்கிறது என்று. கரீம் நம்பவில்லை, எனக்காகத் தலையாட்டினான். ஆனால் ஒரு நல்ல காரியமும் செய்தோம். இனி வாயால் கூப்பிடுவதே இல்லை என்று முடிவு செய்தோம். மட்டையைத் தூக்கிக் காட்டினால் 'வா'. மட்டையைக் கிரீஸில் ஊன்றி முதுகைத் திருப்பிக்கொண்டால் 'வேண்டாம், திரும்பிப் போ'. முதுகைத் திருப்புவது அவன் யோசனை. "மூஞ்சியப் பாத்தா ஆசைல ஓடி வந்துடுவேன், முதுகப் பாத்தா ரோசத்துல திரும்பிடுவேன்" என்றான்.

பெங்களூருக்குப் போகும்போது மேட்டிங் கார்டு இருக்கிற பிரேக் வண்டியில் போனது. எங்கள் மேட்டிங்கில் எங்களுக்குப் பந்து எப்படி எழும்பும் என்று தெரியும், பிராக்டீஸுக்கு அது வேண்டும் என்று சாமுவேலுக்குப் பிடிவாதம். கடைசியில் அதை விரிக்கவே இல்லை, அங்கே இருந்த மேட்டிங்கிலேயே எல்லா ஆட்டமும் நடந்தது. எந்தக் குரலும் கேட்கவில்லை. நாங்கள் பேசாமல் மட்டையைக் காட்டிக் காட்டி ஓடுவதைப் பார்த்து எதிர் டீம்காரர்கள் "மெட்ராஸ்காரங்க மௌன விரதமா?" என்று கேலி செய்தார்கள். ஜெயித்தோம். கோப்பையில் கரீம் எலுமிச்சம்பழ சர்பத் கரைத்து எல்லாருக்கும் ஊற்றினான். "பார்த்தியா, எல்லாம் ஏரிமண்ணோட வேலை, இங்கே ஏரியும் இல்லை, குரலும் இல்லை" என்று நான் மார் தட்டினேன். "சரிப்பா இஞ்சினீர் தொரை, நீ சொன்னா சரிதான்" என்று சிரித்தான். வேணு, நான் சத்தமாகக் கேட்ட அவனுடைய கடைசிச் சிரிப்பு அது.

திரும்பிவரும்போது கார்டு மேட்டிங்கை ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார். "போன தடவையே இதுலேர்ந்து தண்ணி ஒழுகி மத்தவங்க மூட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு, உங்க பெட்டியிலயே வச்சுக்குங்க" என்றார். நாங்கள் அதை நனைக்கவே இல்லை. ஒரு வாரமாக வராந்தாவில் காய்ந்து கிடந்த பாய். தூக்கினால் கை ஈரமாகியது. எங்கள் பெட்டியில் கதவோரம் போட்டோம். பகல் வண்டி. காட்பாடி நெருங்குவதற்கு முன்னால் ஒரு இடத்தில் சிக்னலுக்காக நின்றது. தண்டவாளத்தை ஒட்டியே ஒரு ஏரி. மழை பெய்த வருஷம், தளும்பத் தளும்பத் தண்ணீர், வெயிலில் பளபளவென்று ஒரு அலைகூட இல்லாமல் கிடந்தது. சாப்பிட்ட மயக்கத்தில் எல்லாரும் தூங்குகிறார்கள். நான் மட்டைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். கரீம் கதவில் சாய்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். பாயிலிருந்து ஒரு கோடு மாதிரி தண்ணீர் கசிந்து, அவன் காலைச் சுற்றிக்கொண்டு, படியில் இறங்கி, கீழே சொட்டிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் சட்டென்று ஏரிப்பக்கம் திரும்பினான். முகம் மலர்ந்தது. "இதோ வரேம்பா!" என்றான். கடலையை உதறிவிட்டு இறங்கி ஓடினான்.

எப்படி ஓடினான் என்பதுதான் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. தண்ணீருக்குள் விழப்போகிறவன் மாதிரி இல்லை. ஒரு ரன் எடுக்கிற மாதிரி. குனிந்து, சின்னச் சின்ன எட்டாக, வலதுகையில் இல்லாத மட்டையை முன்னால் நீட்டிக்கொண்டு. கரையில் இறங்கிவிட்டான், முழங்கால் தண்ணீர், இடுப்புத் தண்ணீர். நான் கதவுக்கு ஓடி, "கரீம், வேண்டாம், வந்துடு!" என்று கத்தினேன். நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான், பிறகு முன்னால் தண்ணீரைப் பார்த்தான். மறுபடியும் கத்தினேன். மறுபடியும் அதேபோல் இரண்டு பக்கமும் பார்த்தான். அவன் முகத்தில் பயம் இல்லை, குழப்பம். நடுவழியில் மாட்டிக்கொண்ட ஆட்டக்காரன் எந்த முனைக்கு ஓடுவது என்று பார்ப்பானே, அந்த மாதிரி. எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் ஒவ்வொரு தரம் கத்தும்போதும் அவனுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் என் குரல் கேட்கிறது. இரண்டும் 'வா' என்கின்றன. நான் கத்தக் கத்த அந்தப் பக்கத்துக்குத்தான் பலம் கூடுகிறது. மார்பளவு தண்ணீருக்குப் போய்விட்டான்.

வாயை மூடினேன். மட்டையோடு கீழே குதித்தேன். அவன் பார்க்கும்படி ஜல்லியில் மட்டையை ஊன்றினேன். ஊன்றிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டேன். வேணு, உனக்கு வேண்டியவன் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு முதுகைக் காட்டி நிற்பது என்றால் என்ன என்று நான் எழுதி உனக்குப் புரியாது, புரியவும் வேண்டாம். எதிரே ரயில்பெட்டியின் சிவப்புப் பலகைதான் தெரிந்தது. பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் நின்றது. இஞ்சின் ஊதியது. அந்த நேரத்தில் என் பின்னாலிருந்து என் பெயரைச் சொல்லி அழகாக, அன்பாக, கரீமின் குரலில் "வா" என்று கேட்டது. ஒரு தரம் இல்லை, பல தரம். கடைசியில் அழுதுகொண்டுகூடக் கூப்பிட்டது. நான் திரும்பவில்லை. மட்டையின் கைப்பிடி என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது, அந்தத் தழும்பைப் பற்றித்தான் நீ அடிக்கடி கேட்பாய். அப்புறம் என் தோளில் ஒரு ஈரக் கை விழுந்தது. திரும்பினால் கரீம், தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட. வாயைத் திறந்து என்னமோ சொன்னான். சத்தம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. டாக்டர்கள் தொண்டையைப் பார்த்தார்கள், தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். அவன் வந்துவிட்டான், குரல் அங்கேயே நின்றுவிட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். படங்கள் வரைகிற வேலைக்குப் போனான். அதற்குப் பேச்சு தேவையில்லை.

மேட்டிங்கை ஏன் அப்போதே ஒழித்துக்கட்டவில்லை என்று கேட்பாய். எரித்துப் பார்த்தோம், புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. அடையாற்றில் போட்டுவிடலாம் என்று பாலம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். கரீம் பின்னாலேயே ஓடிவந்து என் முன்னால் கையை விரித்து நின்றான். தண்ணீரில் போட்டால் அது நேராகத் தன் குரல் நின்றுவிட்ட இடத்துக்கே போகும் என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மண்ணும் படாமல் தண்ணீரும் படாமல் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டதும் கசிவு நின்றது. நின்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. பிற்பாடு இந்தப் பக்கம் மனை கிடைத்தபோது வாங்கி வீடு கட்டினேன். நான் பயப்படுகிறவன் இல்லை என்று யாருக்குக் காட்டினேனோ தெரியவில்லை. கரீம் மட்டும் இந்த வீட்டில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை, கவனித்திருக்கிறாயா?

இப்போது நீ செய்யவேண்டியது. சந்தானத்திடம் எல்லாவற்றையும் சொல்லு, ஒளிக்காதே. நம்பாவிட்டால் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே செய்யட்டும், செய்தால் போதும். ஆட்டத்தில் வாயால் கூப்பிடாதீர்கள். மட்டை தூக்கினால் வா, ஊன்றி முதுகு காட்டினால் வேண்டாம். காதை நம்பி ஓடுவதில் ஒரு கர்வம் இருக்கிறது. அது எனக்குத் தெரியும், அதை விட்டுவிடு. ஒருத்தனை நம்புவது என்றால் அவன் முகத்தைப் பார்க்காமலே ஓடுவது என்று நான் உன் வயசில் நினைத்தேன். பார்ப்பது துரோகம் இல்லைடா. பார்த்துவிட்டு ஓடு. வாழ்க்கை பூராவும் உன்னை யாராவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள், நல்ல குரலில், தெரிந்த குரலில், நீ எதிர்பார்க்கிற வார்த்தையைச் சொல்லி. ஒரு நொடி மட்டையை ஊன்றிவிட்டு யார் என்று பார். அதனால் ஒரு ரன் போனால் போகட்டும்.

மேட்டிங் உன்னோடு திரும்பி வராது. பெங்களூரில் கரீமின் மச்சானுக்கு மரக்கிடங்கு இருக்கிறது, அங்கே உத்தரத்தில் கட்டிவிடுவார். திரும்பும்போது கரீம் மாமா உன் பெட்டியில் உனக்கு எதிரே உட்காருவார். கதவுப்பக்கம் அவர் இருப்பார், நீ இல்லை. காட்பாடிக்கு முன்னால் வண்டி நின்றால் அவர் கைச் சைகையை மட்டும் பார். என் குரல் கேட்கலாம், உன் அம்மா குரல் கேட்கலாம், அழுகிற மாதிரிகூடக் கேட்கலாம். நான் காட்பாடியில் இருக்கமாட்டேன், உன் அம்மாவும் இருக்கமாட்டாள், இதை எழுதித் தருகிறேன். நானே ஏன் வரவில்லை என்றால், நான் வந்தால் உன்னைப் பார்த்ததும் கத்துவேன். என் குரல் எனக்கு மட்டும் சொந்தமானது என்று எனக்கு நிச்சயமில்லை. கரீமின் மேல் அந்தச் சந்தேகமே வேண்டாம். அவர் கூப்பிடமாட்டார். ஸ்டேஷனுக்குப் போய்த் தந்தி கொடுக்கலாம் என்றும் யோசித்தேன். 'உடனே வா' என்றுதானே கொடுக்கவேண்டும்? அந்த ஒரு வார்த்தையை உனக்கு அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

உன் அம்மா ஜட்காவில் கச்சேரி ரோட்டுக்குப் போயிருக்கிறாள், கரீமை அழைத்துவர. வீட்டில் நான் மட்டும்தான். கூடத்தில், கொல்லைக்கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். உன் பழைய மட்டை ஒன்று மூலையில் இருந்தது. அதை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றி இடதுகையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஷெட் பக்கத்திலிருந்து நீ கூப்பிடுகிறாய். 'காதை நம்பி ஓடுவதில்' என்று எழுதும்போது ஆரம்பித்தது. "நைனா, வா. நைனா, இங்க வந்து பாரேன்." சின்ன வயசில் பட்டம் மரத்தில் மாட்டிக்கொண்டால் கூப்பிடுவாயே, அந்தக் குரலும் நடுவில் வருகிறது. நீ காலையிலேயே ரயில் ஏறிவிட்டாய், எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தரமும் என் கால் நகருகிறது. அதற்குத்தான் மட்டை.

நீ திரும்பி வந்ததும் வாசலில் நின்று கூப்பிடாதே. தெருவிலிருந்து கூப்பிடாதே. எவ்வளவு சந்தோஷமாக இருந்தாலும், கோப்பையே கையில் இருந்தாலும், சத்தம் போடாமல் உள்ளே வந்து என் தோளைத் தொடு. அதுவரை எந்தக் குரலுக்கும் இந்த வீட்டில் பதில் கிடையாது.

என் தோளில் ஒரு கை விழுந்திருக்கிறது. திரும்புவதற்கு முன்னால் தொட்டுப் பார்த்துவிட்டேன். காய்ந்திருக்கிறது. கரீம்தான். மடித்து அவரிடம் கொடுக்கிறேன்.

உன் நைனா